எட்டெழுத்தும் மூன்றெழுத்தும்

காரியாலயமொன்றில் எழுதுவினைஞர் ஒருவர் காகிதக் கோவையைத் திறக்கும்போது அதன் மேலட்டையிலே தமக்கு வேண்டிய தலைப்பை வேண்டிய அளவுக்கு எழுதிக்கொள்ளலாம். "1987 ஆம் ஆண்டுக் களஞ்சியக் கணக்கு, இரண்டாம் திருத்தம்" என்று எழுதுவதற்கு எவரும் தடை சொல்வதில்லை. ஆயின் அதே 1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வகைக் கணினியொன்றிலே அக்கணக்கைச் சேமிக்க முற்பட்டவர் எட்டு எழுத்துகளுக்கு மேற் பெயரிட முடியாது. எட்டெழுத்தின் பின் ஒரு புள்ளி. புள்ளியின் பின் கோப்பு எவ்வகையினது என்பதைக் காட்டும் மூன்றெழுத்துப் பின்னொட்டு. அவ்வளவே. சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதற்குக் கூடக் கட்டளைகள் இடந்தரவில்லை.

உலகின் மேசைக் கணினிகளுட் பெரும்பாலானவற்றை ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் ஆண்ட இவ்விதி எங்கிருந்து வந்தது? அதனை வகுத்தோர் அறியாமையால் வகுத்தனரா?

விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். அமெரிக்காவின் மசாசுசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோவும் அவர் குழுவினரும் 1961 ஆம் ஆண்டில் நேரப்பகிர்வு முறைமை ஒன்றை இயக்கிக் காட்டினர். ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த இடமளித்த முன்னோடி முறைமை அது. அது இயங்கிய ஐ.பி.எம். 7094 போன்ற கணினிகள் முப்பத்தாறு பிற்றுகளை ஓர் அலகாகக் கொண்டு தொழிற்பட்டன. அவ்வலகைச் 'சொல்' என்பர். ஓர் எழுத்தைக் குறிக்க ஆறு பிற்றுகள் செலவாயின. ஆகவே ஒரு சொல்லில் ஆறு எழுத்துகள் அடங்கின. கோப்பின் பெயருக்கு இரு சொற்கள் ஒதுக்கப்பட்டமையால் அப்பெயர் ஆறெழுத்துக் கொண்ட இரு பகுதிகளாக அமைந்தது. பொறியின் உடலமைப்பே அங்கு பெயரின் அளவைத் தீர்மானித்தது.

பின்னர் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தின் பி.டி.பி.-10 என்னும் கணினியும் முப்பத்தாறு பிற்றுச் சொல்லையே கொண்டு விளங்கிற்று. அதன் முறைமை கோப்பின் பெயருக்கு ஒரு முழுச் சொல்லையும், பின்னொட்டுக்கு அரைச் சொல்லையும் அளித்தது. அரைச் சொல்லில் அடங்குவன மூன்று எழுத்துகளே. பிற்காலத்திற் கோடிக்கணக்கான கோப்புகளின் வாலாக ஒட்டிக்கொண்ட மூன்றெழுத்தின் மூதாதையை இங்கே காணலாம்.

1974 ஆம் ஆண்டளவிற் கலிபோர்ணியாவைச் சேர்ந்த கெரி கில்டோல் சிறு கணினிகளுக்கென சி.பி./எம். என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கினார். டிஜிட்டல் நிறுவன மரபைத் தழுவிய அவர் பெயருக்கு எட்டெழுத்தும் பின்னொட்டுக்கு மூன்றெழுத்தும் வகுத்தார். 1980 இற் சியாற்றில் நகர்ப் பகுதியிலே ரிம் பற்றேசன் என்பவர் வேறொரு முறைமையை எழுதியபோது, சி.பி./எம். செய்நிரல்களை எளிதிற் பெயர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதற்காக அதன் ஒழுங்கைப் பின்பற்றினார். அம்முறைமையை 1981 இல் மைக்ரோசொப்ட் விலைக்கு வாங்கிற்று. அவ்வாண்டு ஓகத்து 12 ஆம் நாள் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதனுடன் 'டொஸ்' என்ற பெயரில் அம்முறைமையும், அம்முறைமையோடு எட்டெழுத்தும் உலகெங்கும் புறப்பட்டன.

அன்றைய நிலையை நோக்குமிடத்து இவ்வரம்பைக் குறைகூற இடமில்லை. ஐ.பி.எம். கணினியின் முதல் நெகிழ்வட்டுக் கொண்டது 160 கிலோபைற்று மட்டுமே. அதன் அடைவிலே அறுபத்துநான்கு கோப்புகளுக்குப் பதிவிடம் இருந்தது. பதிவொன்றுக்கு முப்பத்திரண்டு பைற்றாக, அடைவு முழுவதும் 2,048 பைற்றுகளுக்குள் அடங்கிற்று. இன்று வழக்கிலுள்ள 255 எழுத்துப் பெயரை அன்று ஒவ்வொரு கோப்புக்கும் ஒதுக்கியிருப்பின், பெயர்களுக்கு மட்டும் 16,320 பைற்றுகள், அஃதாவது வட்டின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, செலவாகியிருக்கும். பெயர்ப்பலகைக்காக வீட்டின் ஓர் அறையை இடித்துக் கொடுப்பார் உளரோ? எட்டெழுத்து அன்று சிக்கனமேயன்றிக் கஞ்சத்தனம் அன்று.

ஆயின் வறுமை நீங்கிய பின்னும் வறுமைக்காலத்து விதி நீங்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் துயரமான பகுதி. சில ஆண்டுகளில் வட்டுகளின் கொள்ளளவு நூறு மடங்கும் அதற்கு மேலும் பெருகிற்று. பிற முறைமைகள் வழிவிட்டன. பதினான்கு எழுத்தோடு தொடங்கிய யுனிக்ஸ், பெர்க்லிப் பல்கலைக்கழகத்தாரின் 1983 ஆம் ஆண்டுப் பதிப்பில் 255 எழுத்துகளை ஏற்றது. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் 1985 இல் அமைந்த கோப்பு முறைமையில் 31 எழுத்துகளை இடைவெளியுடன் அனுமதித்தது. டொஸ் மாத்திரம் எட்டிலேயே நின்றது.

அதனாற் பட்ட இடர் கொஞ்சமன்று. ஆங்கிலச் சொற்கள் தம் உயிரெழுத்துகளை இழந்து எலும்புக்கூடுகளாயின. ஆண்டைக் குறிக்கும் நான்கு இலக்கங்களில் இரண்டு கழிந்தன. திருத்தத்தின் எண்ணுக்கு ஓரிடம் மிஞ்சினால் அது பேறாகும். ஆறு மாதங்களின் பின் எழுதியவருக்கே தம் கோப்பு எதுவெனத் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல் வேண்டும். எழுதியவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அவருக்குப் பின் வந்தவருக்குக் கிடைத்தது கணக்குகளின் பட்டியலன்று, விடுகதைகளின் பட்டியலே. 1989 இல் வெளிவந்த வேர்ட்பேர்பெக்ற் 5.1 என்னும் எழுத்தாக்கச் செய்நிரல், எட்டெழுத்துப் பெயரின் அருகே நீண்ட பெயரொன்றைத் தனியே எழுதிவைக்கும் வசதியை அளித்தது. பெயருக்கு ஒரு பெயர் வைக்கும் நிலை வந்ததெனின் இடரின் அளவை உணரலாம்.

பின் ஏன் வரம்பைத் தளர்த்தவில்லை? அதற்குள் ஆயிரக்கணக்கான செய்நிரல்கள் எட்டையும் மூன்றையும் நம்பி எழுதப்பட்டுவிட்டன. அவை பெயருக்குப் பதினோரிடமே ஒதுக்கியிருந்தன. நீண்ட பெயரைக் கண்டால் தடுமாறும். அத்திவாரத்தில் ஒரு கல்லைப் பெயர்க்க முனைந்தால் மேலே குடியிருப்போர் அனைவரையும் எழுப்ப வேண்டும் என்பது போன்ற நிலை அது.

1995 ஆம் ஆண்டு ஓகத்து 24 ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95 இச்சிக்கலை ஒரு தந்திரத்தால் அவிழ்த்தது. நீண்ட பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்துகளாகப் பிரித்து, அடைவின் மேலதிகப் பதிவுகளிலே வைத்தது. 'வாசிக்க மட்டும்', 'மறைவு', 'முறைமைக்குரியது', 'வட்டின் பெயர்' என்னும் நான்கு அடையாளங்கள் ஒருங்கே ஒரு பதிவில் வருவதில்லை. அந்நான்கையும் ஒருங்கே இட்டமையாற் பழைய செய்நிரல்கள் அப்பதிவுகளைப் பாராது கடந்தன. அவற்றின் பொருட்டு ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் ஒரு குறும்பெயரும் ஆக்கப்பட்டது: முதல் ஆறெழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் இலக்கம். அப்பிள் நிறுவனம் அன்று விளம்பரமொன்றால் நகைத்தது. வாழ்த்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வட்டின் பெயரான 'சீ' என்ற எழுத்தோடு தொடங்கி, உயிரெழுத்துகள் பலவற்றைக் களைந்து, எட்டெழுத்துக்குள் அடக்கிக் காட்டிற்று. எட்டெழுத்தோடு வாழ்ந்தோருக்கு அதன் பொருளை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

அத்தந்திரமும் வழக்குக்குரிய சொத்தாயிற்று. அதற்குக் காப்புரிமை பெற்ற மைக்ரோசொப்ட், 2009 இல் வாகன வழிகாட்டிக் கருவிகள் செய்யும் தொம்தொம் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் இதனையும் சேர்த்தது. இணக்கத்தின்போது அவ்வசதியை ஈராண்டுக்குள் தன் கருவிகளிலிருந்து அகற்றத் தொம்தொம் உடன்பட்டது.

எட்டெழுத்தின் எச்சங்கள் இன்றும் நம்மிடையே உள. ஜே.பி.இ.ஜி. என்ற நான்கெழுத்துப் பெயர்கொண்ட ஒளிப்பட வகை, பின்னொட்டில் ஈ எழுத்தை இழந்து ஜே.பி.ஜி. என வழங்குவது மூன்றெழுத்து விதியின் தழும்பே. இலக்கமுறைப் படப்பிடிப்புக் கருவிகளுக்கென 1998 இல் வகுக்கப்பட்ட நியமமும் நான்கெழுத்தும் நான்கிலக்கமுமாகப் பெயரை எட்டில் நிறுத்தியது. திருமணப் படமாயினும் திருவிழாப் படமாயினும் அக்கருவி இடும் பெயர் ஒன்றுபோலவே இருப்பதன் காரணம் இதுவே.

தமிழிற் பெயரிடுவோருக்கு இவ்வரலாறு இன்னும் முடிந்துவிடவில்லை. லினக்ஸ் முறைமையிலும் அதன்மேல் அமைந்த அன்ட்ரொயிட் கைப்பேசிகளிலும் பெயரின் வரம்பு பொதுவாக 255 ஆகும். ஆயின் அது எழுத்துகளின் எண்ணிக்கையன்று, பைற்றுகளின் எண்ணிக்கை. 1992 இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யு.ரி.எவ்.-8 குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று. தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்று. அதிலும் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'யாழ்ப்பாணம்' என்பது நம் இலக்கணப்படி ஆறெழுத்துச் சொல். கணினிக்கோ பதினொரு குறிகள், முப்பத்துமூன்று பைற்றுகள். ஆங்கிலத்தில் 'ஜவ்னா' என்பது ஆறு பைற்றோடு முடியும். ஆகவே ஆங்கிலேயருக்கு 255 எழுத்து அளிக்கும் அதே விதி, தமிழருக்கு எண்பத்தைந்து குறிகளையே அளிக்கின்றது. பழைய நூலொன்றின் முழுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிட முயல்வோர் இத்தடையில் மோதுவர்.

இங்கும் எவரும் தமிழை ஒடுக்கக் கருதி விதி செய்யவில்லை. பைற்றும் எழுத்தும் ஒன்றேயெனக் கொண்ட ஒரு காலத்தின் எண்ணம், அக்காலம் கழிந்த பின்னும் அத்திவாரத்திற் கிடக்கின்றது. எட்டெழுத்தின் வரலாறு உணர்த்துவதும் இதுவே. வரம்பு வகுப்போர் அதன் காரணத்தையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். காரணம் ஒழிந்த நாளை அப்போதுதான் பின்வருவோர் அறிவர். அறிந்தால் வரம்பை அகற்றவும் துணிவர்.