அகத்தியர் மலையின் மஞ்சள் பூ

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் நின்றால் தோளுக்குத் தோள் புஷ்பக் காவடிதான். எங்கள் ஊரில் பூ என்றால் ஒருநாள் வாழ்வு; இன்று கட்டிய சரம் நாளைக்கு நிர்மாலியம். ஒரே பூ ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் நிற்கும் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்தில் நேரில் பார்த்த பிறகு அந்தச் செடியின் கதையைத் தேடத் தொடங்கினேன்.

ஸ்லிப்பர் ஆர்க்கிட். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பாகம் போலக் குழிந்து பையாக நிற்கும். அந்தப் பையின் விளிம்பு வழவழவென்று இருக்கும். சறுக்கி உள்ளே விழும் பூச்சி வந்த வழியில் ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் ஏணி வைத்தாற்போல் மெல்லிய ரோமங்கள். அதைப் பிடித்து ஏறி, சூலகமுடியின் அடியில் நெருக்கிக்கொண்டு, கடைசியில் மகரந்தத்தை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும். அடுத்த பூவிலும் விழுந்தால், அங்கே சூலகமுடியில் அந்த மகரந்தம் ஒட்டும்.

தென்னிந்தியாவுக்கென்று ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளில் இருப்பது ஒன்றே ஒன்று: பாஃபியோபெடிலம் ட்ரூரியை. எங்கள் திருத்தணியில் முருகனிடம் தமிழ் பெற்றார் என்று தலபுராணம் சொல்லும் அகத்தியர் போய் அமர்ந்த பொதிகைதான், அதாவது அகத்தியர் மலைதான், அதன் வீடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், புல் மண்டிய சரிவில், வெயில் படும் இடத்தில் வேர் பிடிக்கும். மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு. 1865-ல் கர்னல் ஹீபர் ட்ரூரி அதைக் கண்டார். சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த பெடோம் 1874-ல் அதை விவரித்து, கண்டவர் பெயரையே சூட்டினார். மலைவாசிகளின் கண்ணில் அதற்கு முன்பே பட்டிருக்காதா என்ன!

பிறகு செடி கப்பலேறியது. இங்கிலாந்தில் அப்போது கண்ணாடி வீடு கட்டி ஆர்க்கிட் வளர்ப்பது பெரிய மோகம். வடகிழக்கு இந்தியாவின் காசி மலையில் வளரும் இன்சிக்னே என்ற ஸ்லிப்பர் ஆர்க்கிட் இதற்கு அரை நூற்றாண்டு முன்பே அங்கே பூத்துவிட்டது. அங்கிருந்த வீட்ச் நாற்றங்காலில் ஜான் டொமினி இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய முதல் ஸ்லிப்பர் கலப்பினம் 1869-ல் பூத்தது. அதை இன்றும் வளர்க்கிறார்கள். வியப்பில்லை. ஒரு குருத்து ஒரே ஒருமுறைதான் பூக்கும். அது ஓய்வதற்குள் பக்கத்தில் புதுக் குருத்து எழுந்துவிடும். தூரைப் பிரித்துச் சட்டி மாற்றிக்கொண்டே போனால் செடிக்கு முதுமையே கிடையாது. தாத்தா வைத்த சட்டியில் பேரன் காலத்தில் பூக்கும். ஆயுள் முழுக்க இதையே வளர்ப்பவர்கள் உருவானது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஆசைக்குப் பொதிகை விலை கொடுத்தது. மூட்டை மூட்டையாகப் பிடுங்கியதில் செடி காட்டில் அற்றுப்போனதென்றே நினைத்தார்கள். 1970-களில் மறுபடி கண்ணில் பட்டது. பட்ட கையோடு மறுபடி பிடுங்கினார்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. எங்கள் தலபுராணத்தில் இந்திரனும் பூ வளர்த்தவன்தான். ஆனால் அவன் பிடுங்கவில்லை, நட்டான்: திருத்தணி மலைச் சுனையில் கருங்குவளை நட்டு, முப்போதும் வேளைக்கொரு பூவாக முருகனுக்குச் சாத்தினானாம்.

இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு விற்க சைட்டிஸ் ஒப்பந்தமும் தடை விதிக்கிறது. ஒரு சட்டி வேண்டுமென்று எனக்கும் ஆசை இருந்தது. திருத்தணி வெயிலில் பொதிகைச் செடியை வாட்ட இப்போது மனம் வரவில்லை.

செடி மலைக்குத் திரும்பிய வழி கண்ணாடிக் குப்பி. இதன் விதை வெறும் தூசு. முளைக்கும் உயிருக்குச் சோறு அதற்குள் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சைதான் ஊட்டும். பூஞ்சை இல்லாமலும் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்து விஞ்ஞானிகள் ட்ரூரியையும் ஆய்வகத்தில் பெருக்கினார்கள். குப்பியில் முளைத்து, சட்டியில் தேறி, பல வருஷம் கழித்துத்தான் பூவுக்கு வரும் நாற்றுகள் அவை. அவற்றை மலையேற்றி, அகத்தியர் மலைப் புல்வெளியில் திரும்ப நட்டார்கள்.