எலி மருந்தாக இருந்த மாத்திரை

நம் குடியிருப்பிலும் சிலர் தினமும் போடும் வார்ஃபரின் மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த பசுவையும் ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பனிப்புயலில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். அங்கே கார்ல் லிங்க் குழு பல ஆண்டுகள் போராடிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. அந்த ஆய்வில் பிறந்த வார்ஃபரின் 1948இல் விற்பனைக்கு வந்தது, எலி மருந்தாக!

1951இல் அதைத் தின்றுவிட்ட அமெரிக்க ராணுவ வீரர் ஒருவர், ரத்தமும் வைட்டமின் கே-யும் ஏற்றியதில் பிழைத்தார். முறிமருந்து உண்டு என்ற தைரியம் டாக்டர்களுக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது.

அதே வைட்டமின் கே கீரையிலும் இருக்கிறது. மாத்திரை போடுபவர்கள் கீரையை ஒதுக்க வேண்டாம். வாரத்துக்கு வாரம் அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள். ஐ.என்.ஆர். பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.