தடை செய்யப்பட்ட ராக்கெட்டும் என் முழங்கையும்

போன வருஷம் என் ராக்கெட்டில் பாலியெஸ்டர் நரம்பு கட்டினேன். காரணம் சின்னதுதான். என் ஃபோர்ஹேண்ட் பத்து அடித்தால் நாலு வலையில் மாட்டும், ரெண்டு கோட்டுக்கு வெளியே போகும். டிவியில் நடால் அடிக்கும் பந்தோ வலைக்கு மேலே நல்ல உயரத்தில் பறந்து, வெளியே போய்விட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில் தலைகுப்புற உள்ளே விழுகிறது. அந்த டாப்ஸ்பின் நரம்பில்தான் இருக்கிறது என்று எங்கோ படித்ததை அப்படியே நம்பிவிட்டேன். மூணு மாசத்தில் பந்து திருந்தவில்லை, முழங்கை வலிதான் மிச்சம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன ஆறு வாரத்தில் டாப்ஸ்பின்னின் சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். இது கருவியிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்பதுதான் நான் தேடிய கேள்வி.

முதலில் கொஞ்சம் கணக்கு. டென்னிஸ் தளத்தின் நீளம் 78 அடி. வலை நடுவில் 3 அடி உயரம், ஓரத்தில் மூன்றரை அடி. பின்கோட்டிலிருந்து சுழற்சி இல்லாமல் வேகமாக அடித்தால், பந்தைக் கீழே இழுக்கப் புவியீர்ப்பு மட்டும்தான் உண்டு. வலையையும் தாண்டி, எதிர்க்கோட்டுக்கு உள்ளேயும் விழவேண்டும் என்றால் கிடைக்கும் சந்து ரொம்பக் குறுகல். பந்து முன்பக்கமாக உருண்டபடி பறந்தால் காற்றும் சேர்ந்து அதைக் கீழே அமுக்கும். அப்போது உயரமாகவும் அடிக்கலாம், வேகமாகவும் அடிக்கலாம். டாப்ஸ்பின் எதிராளியை மிரட்டுவதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் அது நம் தப்புக்கு இடம் விடுகிற விஷயம்.

இதை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் நியூட்டன்! 1672-ல் வெளியான ஒளியைப் பற்றிய கடிதத்தில், சாய்த்துப் பிடித்த ராக்கெட்டால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பலமுறை பார்த்ததாகச் சொல்கிறார். ஒளிக்கதிரும் அப்படி வளையுமோ என்பது அவர் சந்தேகம். அது சுவர்களுக்குள் ஆடிய பழைய டென்னிஸ். சுழலும் பொருள் காற்றில் விலகிப்போவதை ஜெர்மானியரான மாக்னஸ் 1852-ல் ஆராய்ந்தார். அதனால்தான் இன்றும் அதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பறத்தல் பற்றி ராலே பிரபு கட்டுரை எழுதியது 1877-ல். முதல் விம்பிள்டன் போட்டி நடந்ததும் அதே வருஷம்தான்.

அந்த முதல் விம்பிள்டனில் வலை ஓரத்தில் 5 அடி உயரம். சில வருடங்களிலேயே அதை இன்றைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1887-ல் பட்டம் வென்ற ஹெர்பர்ட் லாஃபோர்ட் பின்கோட்டில் நின்று பந்தை மேல்நோக்கி வருடி அடித்த ஃபோர்ஹேண்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆக, கையில் மரச்சட்டமும் ஆட்டுக்குடல் நரம்பும் இருந்த காலத்திலேயே டாப்ஸ்பின் வந்துவிட்டது.

அடுத்த தாவல் கலிஃபோர்னியாவில். அங்கே புல்தரை அரிது, சிமெண்ட் தளம்தான். சிமெண்டில் பந்து தோள் உயரத்துக்கு எழும்பும். அதை அடிக்க உள்ளங்கையைக் கைப்பிடிக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். வெஸ்டர்ன் கிரிப் என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பிடியில் ராக்கெட் கீழிருந்து மேலே போவது இயல்பாக அமையும். உயரம் குறைந்த பில் ஜான்ஸ்டன் அந்த ஃபோர்ஹேண்டை வைத்து 1915-லும் 1919-லும் அமெரிக்கப் பட்டம், 1923-ல் விம்பிள்டன் வென்றார். புல்தரையில் கதை வேறு. பந்து எழும்பவே எழும்பாது, தட்டையாக அடிப்பவருக்குத்தான் வசதி. நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது மென்மையான, நிதானமான ஆட்டத்தில். தரைதான் அடியைத் தீர்மானித்தது.

அந்தக் கணக்கைக் குழப்பியவர் போர்க். மர ராக்கெட், அதில் சுமார் 80 பவுண்ட் இறுக்கத்தில் நரம்பு. இன்றைக்கு நாம் கட்டுவது 50-க்குப் பக்கத்தில்தான். அவ்வளவு விறைப்பான, சின்ன முகம் கொண்ட ராக்கெட்டில் டாப்ஸ்பின் அடித்தே களிமண் தரையில் ஆறு ஃப்ரெஞ்ச் ஓபன், புல்தரையில் 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து விம்பிள்டன். இதைப் படித்ததும் என் நரம்புக் கொள்கை ஆட்டம் கண்டது.

அப்புறம்தான் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த கதை வந்தது. 1970-களில் வெர்னர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் விநோதமான ராக்கெட் ஒன்றைச் செய்தார். நீள நரம்புகள் இரண்டு அடுக்கு, நடுவில் சில குறுக்கு நரம்புகள், பின்னலே கிடையாது. மேலே பிளாஸ்டிக் குழாய்கள். பந்து பட்டதும் நீள நரம்புகள் பக்கவாட்டில் வழுக்கிப் போய், உடனே துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளல் பந்தைப் பம்பரமாக்கிவிடும். ஸ்பகெட்டி ராக்கெட் என்று பெயர் வைத்தார்கள். 1977 யு.எஸ். ஓபனில் மைக் ஃபிஷ்பாக் என்ற, யாருக்கும் அதிகம் தெரியாத ஆட்டக்காரர் இதை வைத்து ஸ்டான் ஸ்மித்தைத் தோற்கடித்தார். அதே அக்டோபரில் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் இறுதிப் போட்டியில் நஸ்டாஸே இதோடு வந்தார். எதிரே களிமண்ணில் 53 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த வீலாஸ். இரண்டு செட் போனதும் வீலாஸ் கடுப்பில் ஆட்டத்தை விட்டு வெளியேறினார்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் உடனே தற்காலிகத் தடை போட்டது. 1978-ல்தான் ராக்கெட் என்றால் என்ன என்பதற்கு முதல்முறையாக விதியே எழுதினார்கள். அதற்கு முன் எதை வைத்து வேண்டுமானாலும் ஆடியிருக்கலாம்! அடிக்கும் பரப்பு தட்டையாக இருக்கவேண்டும், நரம்புகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கவேண்டும் என்றது விதி. ஆட்டத்தின் குணத்தையே மாற்றும் அளவுக்குச் சுழற்சி வரக்கூடாது என்பது நோக்கம்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இந்த இடம் உடனே உறுத்தும். அவர்கள் தடுக்க நினைத்தது ஒரு விளைவை, எழுதியதோ ஒரு அமைப்பை. அமைப்புக்கு உட்பட்டு அதே விளைவை யாராவது ஒருநாள் கொண்டுவந்துவிடுவார்கள்.

இருபது வருஷத்தில் வந்தது. 1997 ஃப்ரெஞ்ச் ஓபனில் தரவரிசையில் 66-ம் இடத்தில் இருந்த பிரேசிலின் குவெர்த்தன், லக்சிலான் பாலியெஸ்டர் நரம்போடு வந்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். முறையாகப் பின்னிய, விதிக்கு முழுக்க உட்பட்ட நரம்புதான். ஆனால் பாலியெஸ்டர் விறைப்பானது, வழுவழுப்பானது. பந்து பட்டதும் நீள நரம்பு வழுக்கி விலகி, பந்து கிளம்புவதற்குள் துள்ளித் திரும்பும். ஸ்பகெட்டி செய்த அதே வேலை! பின்னாளில் அதிவேகக் கேமராவில் அளந்தபோது, சாம்ப்ராஸ், அகாஸி ஃபோர்ஹேண்டுகள் நிமிடத்துக்குச் சராசரி 1,800–1,900 சுற்றுகள் சுழன்றன. நடாலுடையது 3,200.

அப்படின்னா நரம்புதானே காரணம்? பாதி உண்மை. நரம்பு பக்கவாட்டில் வழுக்கவேண்டும் என்றால் ராக்கெட் வேகமாக மேல்நோக்கிப் போகவேண்டும். நான் செய்தது அதுவே இல்லை. பல வருஷத்துக்கு முன் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பந்து பட்டதும் மணிக்கட்டைப் புரட்டி அதன் மேல் ராக்கெட்டை உருட்டு என்றார். நானும் இத்தனை காலம் புரட்டிக்கொண்டே இருந்தேன். பந்து நரம்பில் இருப்பது விநாடியில் சுமார் 200-ல் ஒரு பங்கு நேரம். அதற்குள் யாரும் எதையும் புரட்ட முடியாது. பட்ட கணத்தில் ராக்கெட் எந்தத் திசையில் போகிறது, முகம் எப்படி நிற்கிறது, இவ்வளவுதான் கணக்கு. புரட்டிய நான் முகத்தைத் தரை பார்க்க வைத்து, பந்தை நானே வலைக்குள் தள்ளியிருக்கிறேன். ஜான்ஸ்டனும் போர்க்கும் நல்ல நரம்பு இல்லாமலே செய்ததை நான் நல்ல நரம்பு வைத்தும் செய்யவில்லை.

வலி போனதும் பாலியெஸ்டரை வெட்டிவிட்டு மென்மையான நரம்புக்கு மாறினேன். ராக்கெட் தலையைப் பந்துக்குக் கீழே இறக்கி, முகத்தை நேராக வைத்து, உடம்புக்கு முன்னால் பந்தைச் சந்தித்து மேலே கொண்டுபோகிறேன். வலைக்கு மேலே மூணு அடி உயரத்தில் ஒரு கயிறு கட்டி, பந்து அதைத் தாண்டினால்தான் எண்ணிக்கையில் சேர்ப்பேன். முதல் வாரம் எல்லாம் பின்கோட்டைத் தாண்டி ஓடியது. பயந்து வேகத்தைக் குறைத்தால் இன்னும் மோசம். மேல்நோக்கி இன்னும் வேகமாக இழுத்தபோதுதான் உள்ளே விழ ஆரம்பித்தது.

இப்போது பத்தில் ஏழு உள்ளே. மிச்சம் மூணுக்கும் நரம்பைக் குறை சொல்ல முடியாது.