வாளும் தாடையும்

மாந்தர் மறைந்தபின் அவர்தம் பெயரும் உடலும் அழிந்தொழிய, எலும்பு மட்டும் நெடுங்காலம் எஞ்சி நிற்கிறது. எலும்புகளுள்ளும் கீழ்த்தாடை வன்மை மிக்கது. எனவே, இறந்தவர் ஆணா பெண்ணா என அறிய முற்படும் பல் தடயவியலார் அதனைப் பெரிதும் நாடுவர். ஆயினும், எலும்பு கூறும் சான்றை ஏற்க மனம் இசையாதபோது யாது நேரும்? சுவீடன் நாட்டுக் கல்லறையொன்றின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மேலாரன் ஏரியிலுள்ள பியோர்க்கோ தீவில், வைக்கிங் காலத்து வணிக நகரமாகிய பிர்க்கா விளங்கியது. அங்கு 1878ஆம் ஆண்டு ஜால்மர் ஸ்டோல்பே என்னும் அறிஞர், கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறையொன்றை அகழ்ந்தார். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரு கேடயங்கள், இரு குதிரைகள் ஆகியன அதனுள் இருந்தன. 581 என எண்ணிடப்பெற்ற அக்கல்லறை ஆண்மகனாகிய போர்வீரன் ஒருவனுடையது என்றே நூறாண்டுக்கும் மேலாகக் கருதப்பட்டது. அஃது எலும்பை ஆராய்ந்து பெற்ற முடிபன்று. வாளைக் கண்டு கொண்ட துணிபே.

எலும்பாய்வின் நெறி வேறு. பருவமெய்திய ஆணின் தாடை பொதுவாகப் பெரியது. முகவாய் அகன்று சதுரமாக முன்துருத்தும். பெண்ணின் தாடை சிறியது. முகவாய் குவிந்தும், தாடையின் பின்மூலைக் கோணம் சற்று விரிந்தும் காணப்படும். கண்ணால் கண்டு கூறும் இவ்வேறுபாட்டை எண்ணால் நிறுவும் முயற்சியில், 1964இல் அமெரிக்க மானிடவியலார் யூஜீன் ஜைல்ஸ், தாடையின் பல அளவுகளை ஒருங்கே சேர்த்துக் கணிக்கும் வாய்பாடுகளை வெளியிட்டார். எனினும், ஒரு மக்களினத்தாரிடம் பொருந்தும் வாய்பாடு மற்றோரினத்தாரிடம் பிழைபடலாம். சிறார் தாடையில் வேறுபாடு தெளிவாகப் புலப்படாது. முதுமையில் பற்கள் உதிர்ந்தாலோ தாடையே உருமாறும். ஆதலின் இடுப்பெலும்பு கிடைப்பின் அதற்கே முதலிடம் தரப்பெறும்.

பிர்க்காவில் இரண்டும் கிடைத்தன. 1970களிலேயே எலும்பாய்வு அவை பெண்ணுடையவை எனக் காட்டியது. அம்முடிபு பரவலாக ஏற்கப்படவில்லை. பின்னாளில் அன்னா ஷெல்ஸ்ட்ரோம் மீண்டும் ஆராய்ந்தார். இடுப்பெலும்பின் அகன்ற பள்ளமும், முகவாய் துருத்தாத கீழ்த்தாடையும் அதே முடிபையே உணர்த்தின. அப்போதும் ஐயம் அடங்கவில்லை. இறுதியில், கோரைப்பல்லிலிருந்தும் மேற்கையெலும்பிலிருந்தும் எடுத்த மரபணுவில் ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் இல்லையென்பது 2017இல் வெளியாயிற்று.

அப்பெண் மெய்யாகவே போர்க்களம் கண்டவளா என்னும் வினா அதன்பின்னும் அறிஞரிடையே எழுந்தது. அதற்கு விடைகூறத் தாடையால் இயலாது. அஃது உணர்த்துவது பாலையேயன்றி வாழ்வையன்று. ஆனால், அது கூறவல்லதைக் கூறியபோதும் செவிசாய்ப்பார் இலராயினர். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவ்வாறே கழிந்தன. வாள் ஆணுக்கே உரியது என்னும் முற்கோளை எவரும் அளந்து பார்க்கவில்லை. வரலாறு பயில்வோர் முதற்கண் அளந்தறிய வேண்டியது அத்தகைய முற்கோளையே ஆகும்.