தாவலின் இருப்பிடம்

பொருள்களை ஒழுங்குபடுத்தி வைப்பதினும் வேண்டியபோது தேடி எடுப்பதே கடினமானது. அமெரிக்கரான ஜேம்ஸ் நியூட்டன் கன் என்பார் 1897ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற குறிப்பட்டைகளில், மேல் விளிம்பிலே சிறு நாக்கொன்று நீண்டு நின்றது. இழுப்பறையில் நிமிர்ந்து நிற்கும் அட்டைகளை மனிதன் மேலிருந்தே நோக்குகின்றான். ஆகவே நாக்கும் மேலே அமைந்தது. அகராதியையோ பக்க விளிம்பிற் பெருவிரலை வைத்துப் புரட்டுகின்றான். ஆகவே அதன் எழுத்துக் குறிகள் பக்கவாட்டில் அமைந்தன.

இந்நாக்கே பிற்காலத்திற் கணினித் திரையிற் குடிபுகுந்து, தமிழில் 'தாவல்' என்னும் பெயரைப் பெற்றது. இணைய உலாவியின் ஒரே சாளரத்துள் பல பக்கங்களைத் திறந்து வைக்க உதவுவது அதுவே. 1994இல் புக்லிங்க் நிறுவனத்தின் இன்டர்நெட்வேர்க்ஸ் உலாவி இம்முறையைக் கையாண்டது. 2004இல் வெளிவந்த பயர்பொக்ஸும், 2006இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஏழாம் பதிப்பும் அதனைப் பெருவழக்காக்கின. அவற்றில் முகவரிப் பட்டை மேலேயும், தாவல்கள் அதன் கீழே பக்கத்தை ஒட்டியும் இருந்தன.

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த கூகிளின் குரோம் இவ்வரிசையை மாற்றித் தாவல்களை உச்சியில் வைத்தது. அதற்குத் தக்க நியாயம் உண்டு. தாவல் மாறுந்தோறும் முகவரியும் மாறுகின்றது. எனவே முகவரி அந்தந்தத் தாவலுக்கு உரியது, எல்லாவற்றுக்கும் பொதுவானதன்று. திரையில் தோன்றுவது மெய்யான வங்கியின் பக்கமோ, வஞ்சகர் அமைத்த போலியோ என்பதை முகவரியே காட்டும். ஆகையால் எம்முகவரி எப்பக்கத்திற்கு உரியது என்பதில் மயக்கம் நேர்தலாகாது.

மற்றொரு நியாயம் கையின் இயக்கத்தைப் பற்றியது. இலக்கு பெரிதாயும் அணித்தாயும் இருப்பின் அதனை விரைவில் எட்டலாம் என்பதை உளவியலறிஞர் போல் பிட்ஸ் 1954இல் விளக்கினார். திரையின் விளிம்பிற் சுட்டி தானே தடைப்பட்டு நின்றுவிடுமாதலால், அங்குள்ள இலக்கைத் தவறவிடுதல் அரிது.

ஆயினும் இந்நியாயம் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. அப்பிள் கணினிகளில் திரையின் உச்சியைப் பட்டியற் பட்டை பிடித்துக்கொள்கின்றது. சபாரி உலாவியின் நான்காம் பதிப்பு, 2009 பெப்ரவரியிற் சோதனை வடிவில் தாவல்களைத் தலைப்புப் பட்டையில் ஏற்றியது; யூன் மாதத்து இறுதி வடிவிலோ அவை பழைய இடத்துக்கே திரும்பின. பயர்பொக்ஸ் 2011 மார்ச்சில் தாவல்களை மேலே கொண்டுசென்றபோது, பழக்கத்தை விட விரும்பாதோர் அவற்றைக் கீழே இறக்கிக்கொள்ள இடமளித்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது.

திறந்த பக்கங்கள் பெருகவே வேறோர் இடர் தோன்றிற்று. கிடைவரிசையில் தாவல்கள் நெருங்க நெருங்கப் பெயர்கள் குறுகி வாசிக்க முடியாதனவாகின்றன. பக்கவாட்டில் நிரல்பட அடுக்கினால் ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி கிடைக்கும். அகன்ற திரையில் அதற்கு இடமும் உண்டு. மைக்ரோசொவ்ற்றின் எட்ஜ் 2021இலும், பயர்பொக்ஸ் 2025இலும் இதனை விருப்பத் தெரிவாக வழங்கின. ஒடுங்கிய திரையிலோ இம்முறை வாசிக்கும் பரப்பைக் குறைத்துவிடும்.

ஆகவே தாவலுக்கு என்றும் மாறாத ஓரிடம் இல்லை. அது எதனை ஆளுகின்றது, கை அதனை எவ்வாறு எட்டுகின்றது என்னும் இரு வினாக்களே இடத்தைத் தீர்மானிக்கின்றன. அவ்விடத்தை மாற்ற முற்படுவோர், அதிற் பழகிய கைகளையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.