மூணு விநாடிப் பாட்டு

ஐரோப்பாவுல தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிற சின்னப் பறவை சாஃபிஞ்ச். கண்ணுல படலைன்னாலும் காது கண்டுபிடிச்சிடும்: படியிறங்கி வர்ற மாதிரி வேகமான பாட்டு, கடைசியில ஒரு சுழிப்பு. நடுநடுவே ‘பிங்க் பிங்க்’னு கூப்பிடும்.

இந்தப் பாட்டு கூடவே பிறந்ததா, கத்துக்கிட்டதா? 1950கள்ல கேம்பிரிட்ஜ்ல வில்லியம் தார்ப் குஞ்சுகளை மத்த பாட்டே கேக்காம தனியா வளர்த்துப் பார்த்தார். மனுஷப் பேச்சை ஆராய பெல் லேப்ஸ்ல உருவான ஸ்பெக்ட்ரோகிராஃப்ல அதுங்க பாட்டைப் படமாக்கினார். நீளம் கிட்டத்தட்ட சரியா இருந்தது. ஆனா படிகள் தெளிவா இல்லை, அந்தச் சுழிப்பும் இல்லை.

அதாவது, பாடுற ஆசை பிறப்புலயே வருது. பாட்டை மூத்த பறவை பாடிக் காட்டணும். கேக்க யாருமில்லாத குஞ்சுக்கு மிஞ்சுறது பாதிப் பாட்டுதான்.