தோலின் புள்ளியிலிருந்து புரத வாயில் வரை: உணர்வேற்பி ஆய்வின் வரலாறு

மூடிய கண்ணை விரலால் அழுத்தினால் ஒளி தெரிகிறது. வெளியே வெளிச்சம் ஏதுமில்லை. இத்தகைய செய்திகளைக் கொண்டு ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் யோகன்னஸ் முல்லர் 1826இல் ஒரு விதியை முன்வைத்தார். நாம் எதை உணர்கிறோம் என்பதை முடிவுசெய்வது தூண்டலின் வகை அன்று, தூண்டப்படும் நரம்பே. பார்வை நரம்பில் மின்சாரம் பாய்ந்தாலும் அது ஒளி என்றே அறிவிக்கும். பின்வந்த ஆய்வுகள் இவ்விதியைக் கைவிடவில்லை என்பதும், அதன் இருப்பிடத்தை மேலும் மேலும் நுண்ணிய இடத்தில் கண்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தோல் புலன்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

ஸ்வீடனின் உப்சாலாவில் மாக்னஸ் பிளிக்ஸ் 1882 வாக்கில் தோலைப் புள்ளி புள்ளியாகச் சோதித்தார். கூரிய உலோக முனையைக் குளிர்வித்துத் தொட்டபோது சில புள்ளிகளில் மட்டும் குளிர் தெரிந்தது. வேறு சில புள்ளிகள் வெப்பத்தை மட்டும் உணர்ந்தன. பெர்லினில் கோல்ட்ஷைடரும் அமெரிக்காவில் டொனால்ட்சனும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தனித்தனியே இதே முடிவுக்கு வந்தனர். ஒரே சீரான பரப்பாக எண்ணப்பட்ட தோல், வேலையைப் பங்கிட்டுக்கொண்ட புள்ளிகளின் தொகுப்பு என்பது அப்போதுதான் புலப்பட்டது.

இந்தப் புள்ளிகளை அளவீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாக்ஸ் ஃபோன் ஃப்ரை. வெவ்வேறு தடிப்புள்ள மயிரிழைகளைக் குச்சியின் நுனியில் ஒட்டித் தோலில் அழுத்தினார். இழை வளையும் கணத்தில் அதன் விசை ஏறக்குறைய மாறாது என்பதால், எவ்வளவு விசைக்குத் தொடுவுணர்வு பிறக்கிறது, எவ்வளவுக்கு வலி பிறக்கிறது என்று பிரித்தறிய முடிந்தது. இவ்வளவு எளிய கருவி இவ்வளவு துல்லியமான கேள்வியைக் கேட்டது வியப்புக்குரியது. அதன் நைலான் வழித்தோன்றல் இன்றும் நீரிழிவு நோயாளிகளின் பாத உணர்வைச் சோதிக்கப் பயன்படுகிறது. 45 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான முனை குளிர்ப் புள்ளியைத் தொட்டால் குளிர்வதாகவே தோன்றும் என்பதையும் அவர் 1895இல் காட்டினார். முல்லரின் விதி ஒற்றைப் புள்ளிக்கும் பொருந்தியது.

ஆனால், நுண்ணோக்கியில் தெரிந்த ஒவ்வொரு நரம்பு முனை வடிவத்துக்கும் ஓர் உணர்வை ஃபோன் ஃப்ரை ஒதுக்கியது நிலைக்கவில்லை. குளிருக்குக் கிரௌசே குமிழ்கள், வெப்பத்துக்கு ரஃபினி முனைகள் என்றார். காது மடலில் அவ்வுறுப்புகள் இல்லாமலேயே குளிரும் வெப்பமும் உணரப்படுவதை 1950களில் ஆக்ஸ்போர்டில் வெடெல் குழுவினர் காட்டினர். உறையற்ற நரம்பு முனைகளே வலியை ஏற்கின்றன என்ற ஃபோன் ஃப்ரையின் முடிவு மட்டும் நின்றது.

இடையில் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் இங்வே சாட்டர்மேனும் 1926இல் தவளைத் தசையின் ஒற்றை உணர்வேற்பியிலிருந்து மின்துடிப்புகளைப் பதிவுசெய்தனர். தூண்டல் வலுத்தாலும் துடிப்பின் உயரம் மாறவில்லை. துடிப்புகள் வரும் வேகம்தான் கூடியது. எல்லா நரம்பும் ஒரே வகைத் துடிப்பையே அனுப்புகிறது என்றால், வெளியுலகின் வேறுபாடுகள் முனையிலேயே பிரிக்கப்படவேண்டும். அந்த முனையில் இருப்பது என்ன?

விடைக்கு வழிகாட்டியது மிளகாய். அதன் காப்சைசின், வலியை உணரும் நரம்பிழைகளைத் தேர்ந்து தாக்குகிறது என்பதை ஹங்கேரியின் மிக்லோஷ் யான்சோவின் ஆய்வுகள் 1940களிலேயே உணர்த்தியிருந்தன. சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், உணர்வு நரம்பணுக்களின் மரபணுத் துண்டுகளைக் காப்சைசினுக்கு அசையாத உயிரணுக்களில் புகுத்தி, எத்துண்டு அவற்றை எதிர்வினையாற்ற வைக்கிறது என்று தேடினர். 1997இல் டிஆர்பிவி1 என்ற புரதம் கிடைத்தது. உயிரணுச் சவ்வில் அயனிகளுக்கான வாயில் அது. காப்சைசின் பட்டால் திறக்கும். ஏறத்தாழ 43 டிகிரி வெப்பத்திலும் திறக்கும். கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, நரம்பு துடிக்கிறது. மிளகின் பைப்பரினும் இதே வாயிலைத் திறக்கிறது. காரம் எரிச்சலாகத் தெரிவது மூளையின் கற்பனை அன்று; எரிச்சலை அறிவிக்கும் அதே வாயில் உண்மையிலேயே திறக்கிறது. முல்லர் நரம்பில் கண்ட விதி இப்போது ஒரு மூலக்கூறில் வந்து நின்றது.

தொடுதலின் வாயில் மேலும் தாமதித்தது. கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர், நுண்குழாயால் குத்தினால் மின்னோட்டம் காட்டும் உயிரணு வகை ஒன்றில் 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தனர். எதை அடக்கியபோது உயிரணு உணர்விழந்ததோ, அது பீசோ1 ஆயிற்று. அதன் உறவான பீசோ2-உம் 2010இல் உடன் வெளியானது. தோலிலுள்ள மெர்க்கல் உயிரணுக்கள் தொடுவுணர்வுக்கானவை என்று 1875இல் முன்வைக்கப்பட்ட கருத்து, அவை பீசோ2 வழியே அழுத்தத்தை உணர்வது 2014இல் கண்டறியப்பட்டபோது உறுதிப்பட்டது. ஜூலியஸும் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

ஒரு புலனுக்கு ஒரு வாயில் என்று கணக்கை முடித்துவிடுவது ஃபோன் ஃப்ரையின் பிழையையே திரும்பச் செய்வதாகும். டிஆர்பிவி1 இல்லாத எலிகள் சூட்டை ஓரளவு உணர்ந்தன. கடுஞ்சூட்டுக்கு மூன்று வாயில்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்பதை 2018இல் வந்த ஆய்வு காட்டியது. பீசோ2 பழுதுபட்டுப் பிறந்த இருவரைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. கண்ணைக் கட்டினால் அவர்களால் நடக்க இயலவில்லை. தம் மூட்டு எப்பக்கம் வளைக்கப்படுகிறது என்பதும் தெரியவில்லை. உள்ளங்கையில் தூரிகை படுவதை அவர்கள் உணரவில்லை. மயிருள்ள தோலில் வருடியபோது மட்டும் உணர்ந்தனர். அதை ஏற்ற வாயில் பீசோ2 ஆக இருக்கமுடியாது.